பூசையில் இருந்த ரெஞ்சு

அத்தியாயம் பதினொன்று

பாலிங் பட்டணத்துப் படக்கடைக்காரன் மேல்தாளைக் கிழித்ததும் குணசுந்தரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

மூன்றடி உயரப் படம். கண்ணாடி போட்டு, பொன்னிறச் சட்டம் அடித்து, அண்ணன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி மேல் நிறுத்தியிருந்தான். படத்தில் அண்ணன் மகள் பிரேமாவதி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் குணசுந்தரி வீட்டுச் சாமி மேடை. மேடையின் கீழ்த்தட்டில், சந்தனம் குங்குமம் வைத்து, அந்தப் பெண்ணின் ஸ்டெதஸ்கோப். அதை ஒட்டி, அதே சந்தனம் குங்குமத்தோடு, முழங்கை நீளத்துக்கு, போல்ட் முறுக்கும் ஒரு ரெஞ்சு.

கூடத்தில் இருந்த பெண்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். குணசுந்தரி ரெஞ்சைப் பார்த்து நின்றாள்.

"இந்தப் படத்தையா அண்ணி குடுத்தீங்க?"

"வேற எது இருக்கு குணா," என்றாள் லோகேஸ்வரி. பெற்றவள். பதினாறு நாளில் குரல் தேய்ந்து போயிருந்தது. "நீதானே ஆயுத பூச அன்னிக்கு எடுத்து குடும்ப குரூப்ல போட்டே. மத்த படத்துலலாம் ஐ.சி. கார்டுக்கு எடுத்த மாதிரி மொறச்சிக்கிட்டு நிக்கிறா. இதுல மட்டுந்தான் எம்புள்ள சிரிக்கிறா."

கடைக்காரன் ரொம்பக் கெட்டிக்காரன். பெரிதாக்கும்போது ஓரத்தில் ஒரு நூல் அளவு கூட வெட்டவில்லை. குணசுந்தரியின் பழைய கைப்பேசி எந்தப் படம் எடுத்தாலும் மூலையில் நாளையும் நேரத்தையும் மஞ்சளாக அடித்துவிடும். அதுவும் கட்டைவிரல் பருமனுக்கு வந்திருந்தது. புதன்கிழமை, மாலை 6.24. ரெஞ்சின் பிடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த எண்ணும் பளிச்சென்று தெரிந்தது. 7316.

அந்த எண் அண்ணன் கண்ணில் பட்டால் இன்றைக்கு இந்த வீட்டில் இன்னொரு பிணம் விழும். அது அவள் புருஷனுடையதாக இருக்கும்.

வாரம் தவறாமல் இந்தத் தொடருக்கு வருகிறவர்களுக்கு இது ஏன் என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களும் சாவு வீட்டு வாசலில் விழித்துக்கொண்டு நிற்க வேண்டாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அலோர் ஸ்டாரிலிருந்து கோத்தா பாருவுக்கு ஒரு சின்ன விமானம் கிளம்பியது. பத்தொன்பது பேர் உட்காரலாம். பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பிரேமாவதி ஒருத்தி. கோத்தா பாரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துப் போகிறாள். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது அவள் மாமன் சத்தியசீலன். குணசுந்தரியின் புருஷன். அந்த விமானக் கம்பெனியிலேயே மெக்கானிக்.

ஏறி உட்கார்ந்ததும் அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள். "அப்பா, நம்ம தோட்டத்துக்கு மேலதான் போவுதாம். திடல்ல நின்னு கை காட்டு. நான் பாப்பேன்."

புக்கிட் செலாரா தோட்டத்து டிராக்டர் ஓட்டி காளிதாசன், வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திடல் நடுவில் போய் நின்றான். மேலே இருந்து தெரிய வேண்டுமே என்று தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து ஆட்டினான்.

விமானத்தின் மூக்கு ஒரு தடவை நிமிர்ந்தது. மகள்தான் பைலட்டிடம் சொல்லி ஏதோ செய்ய வைக்கிறாள் என்று அந்த அப்பாவி நினைத்தான். அப்புறம் அது குப்புறக் கவிழ்ந்தது. வால் பிய்ந்து தனியாக விழுந்தது. மிச்சம் ஒன்பதாம் பிளாக்குக்குள் இறங்கியபோது தரை அதிர்ந்து அவன் உட்கார்ந்துவிட்டான். துண்டு மட்டும் கையில் இருந்தது.

ரப்பர் மரங்களின் தலைகளை வரிசையாகச் சீவிக்கொண்டு போயிருந்தது. அறுபட்ட இடத்தில் எல்லாம் பால் வழிந்தது. பால் பிடிக்கும் மங்குகளில் பாலோடு விமான எண்ணெய் தெறித்து, மரத்துக்கு மரம் மங்கு மங்காகத் தீ எரிந்தது. பால் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி பிச்சையின் காலை ஒரு தகடு முழங்காலோடு கொண்டுபோய்விட்டது. காளிதாசன் தீக்குள் நுழைந்தான். இரண்டு கையும் முழங்கை வரை வெந்தன. மகளை அவள் நாற்காலியிலேயே கண்டான். பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் பிச்சையின் பால்வெட்டுக் கத்தியால் அறுத்தான். இடுப்புக்கு மேலே அவள் முழுசாக இருந்தாள். இடுப்புக்குக் கீழே அவன் பார்க்கவில்லை. பார்க்காமலே அந்தச் சிவப்புத் துண்டால் சுற்றிக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான்.

பைலட்டுகளோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர். ஒருவரும் பிழைக்கவில்லை.

போன வாரம் விசாரணை அதிகாரிகள் எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்கள். விமானத்தின் வாலில் ஒரு தண்டு இருக்கிறது. மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் அதுதான். அந்தத் தண்டைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. சுண்டுவிரல் அளவு போல்ட்.

விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்த போல்ட்டை மாட்டி முறுக்கியவன் சத்தியசீலன்.

அவன் அதை மச்சானிடம் மறைக்கவில்லை. தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த வேலைச் சீட்டைக் காட்டினான். ஆயுத பூசை அன்று மாலை 6.15க்கு வேலை முடிந்தது. பயன்படுத்திய ரெஞ்சு எண் 7316. "என் சொந்த ரெஞ்சு மச்சான். சரியான இறுக்கம் வந்ததும் அதுவே டிக்குன்னு சொல்லிடும்," என்றான். காளிதாசன் நம்பினான். முப்பது வருஷமாகச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து நாலு நம்பர் லாட்டரிக்குக் கணக்குச் சொல்கிற மனுஷன். பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பான், நாலு எண்ணை ஒரு தடவை பார்த்தால் மறக்கமாட்டான். 7316 அவன் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நம்பியது பொய்யை. ஏனென்றால் அந்தப் புதன்கிழமை மாலை 7316 அலோர் ஸ்டாரில் இல்லை. ஒரு மணி நேரத் தொலைவில், செமிலிங்கில், குணசுந்தரி வீட்டுச் சாமி மேடையில் இருந்தது.

பகலில் பூசை முடிந்து கற்பூரம் அணைந்த கையோடு கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். அவசர வேலை, விடிந்தால் விமானம் பறக்க வேண்டும். சத்தியசீலன் ரெஞ்சை எடுக்கக் குனிந்தான். குணசுந்தரி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசையில வச்சத விடிஞ்சப்புறந்தாங்க எடுக்கணும். இருவத்திரெண்டு வருசமா தொட்டதில்ல. அங்க வேற ரெஞ்சே இல்லியா?"

"இருக்கு."

"பின்ன என்னலா."

அவன் சிரித்துவிட்டு வெறுங்கையோடு போனான். கம்பெனி விமானக் கொட்டகையில் ஆணியில் தொங்கிய பழைய ரெஞ்சு ஒன்றை எடுத்தான். அளவு சரிபார்க்கும் கெடு தாண்டி எட்டு மாதம் ஆன ரெஞ்சு. அதுவும் டிக்கென்றது. எந்த இறுக்கத்தில் சொன்னது என்று யாருக்குத் தெரியும். சீட்டு எழுதும்போது கை பழக்கத்தில் தன் ரெஞ்சின் எண்ணையே எழுதியது. எழுதிய பிறகு பார்த்தான். அடித்துத் திருத்தினால் கேள்வி வரும் என்று விட்டுவிட்டான்.

இதெல்லாம் அவளிடம் அவன் சொன்னது விமானம் விழுந்த அன்று. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மேல் கோபம். தன் மேல் அதைவிடக் கோபம்.

சரி, கூடத்துக்கு வருவோம்.

"மாலய குடுங்க அண்ணி, நான் போடறேன்."

பெரிய மாலையை மேலிருந்து போட்டாள். அது முகத்தைச் சுற்றி இறங்கி வயிற்றோடு நின்றுவிட்டது. ரெஞ்சு வெளியே தெரிந்தது. இன்னொரு மாலையை எடுத்துப் படத்தின் அடிப்பகுதியில் இரண்டு சுற்றாகச் சுற்றினாள். மூலையில் இருந்த மஞ்சள் எழுத்தின் மேல் ஒரு கொத்து சாமந்தியைச் செருகினாள்.

"கீழ எதுக்கு இவ்ளோ பூவு?" என்றாள் லோகேஸ்வரி.

"இருக்கட்டும் அண்ணி. கல்யாண மாலதான் போட முடியல."

சொல்லிவிட்டு அவளே விம்மிவிட்டாள். பொய்க்காகச் சொன்ன வார்த்தைதான், அழுகை பொய்யில்லை. லோகேஸ்வரி அவளைக் கட்டிக்கொண்டாள். கூடம் முழுக்க ஓலம் எழுந்தது.

அந்தச் சத்தத்தில் காளிதாசன் உள்ளே வந்தான். இரண்டு கையிலும் துணிக்கட்டு. படத்தின் முன்னால் வந்து நின்றான். முகத்தை மட்டும் பார்த்தான்.

"சிரிக்கிறா பாரு," என்றான்.

பிறகு தங்கையின் பக்கம் திரும்பினான். "மாப்ள எங்க? பின்னாடியே நிக்கிறானா? ஏதாச்சும் சாப்டானா பாரு குணா. எவன் என்ன பேசுனாலும் நான் இருக்கேன்னு சொல்லு."

அவன் திட்டியிருந்தால் கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

*

தீபாவளிக்கு இரண்டே நாள். தோட்ட லயத்து வரிசை வீடுகள் ஒன்றிலும் பலகாரச் சட்டி ஏறவில்லை. எல்லா அடுப்பும் காளிதாசன் வீட்டுப் புழக்கடையில் பதினாறாம் நாள் காரியத்துக்காக எரிந்துகொண்டிருந்தன.

சத்தியசீலன் விறகு பிளந்துகொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை. மலைபோலக் குவிந்த பிறகும் நிறுத்தவில்லை. கோடரிப் பிடியில் ரத்தம் பிசுபிசுத்தது.

"கைய பாருங்க. போதும் விடுங்க."

"செவ்வாக்கெழம விசாரணக்கி கூப்ட்ருக்காங்க," என்றான் அவன், கோடரியைக் கீழே வைக்காமல். "உள்ளத சொல்லப் போறேன். அதுக்கு முந்தி மச்சாங்கிட்ட சொல்லணும் குணா. அவரு பேப்பர்ல படிச்சி தெரிஞ்சிக்கக் கூடாது. எம் வாயால கேக்கணும்."

"எப்ப?"

"இப்ப. சோறு போடறதுக்கு முன்னாடி."

குணசுந்தரி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் எந்தக் கையை, எந்த இடத்தில் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆனாலும் விடவில்லை.

"அண்ணனுக்கு இப்ப புத்தி நெலையில இல்ல. வீடு பூரா கத்தி அருவா கெடக்கு. கொன்னுடுவாரு உங்கள. அப்புறம் அவரு செயிலுக்குப் போவாரு. நான் ரெண்டு பேரயும் தொலச்சிட்டு நிப்பேன். காரியம் முடியட்டுங்க. இன்னிக்கு ஒரு நாளு."

"அன்னிக்கும் இதான் சொன்ன," என்றான் சத்தியசீலன். குற்றம் சொல்கிற குரல் இல்லை. களைத்த குரல்.

"எங்கூட இருங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

அவன் ஒரு கட்டையை எடுத்து நிறுத்திக் கோடரியை ஓங்கினான். அவள் சொன்னதை அவன் தட்டியதே இல்லை. அதுதான் இந்தக் குடும்பத்துக்குப் பிடித்த சனியன்.

*

படையல் போட்டாயிற்று. பண்டாரம் தீபம் காட்டத் தயாரானார். வாசலில் ஒரு மோட்டார் காடி வந்து நின்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கதவை அறைந்து சாத்திய சத்தமும் கேட்டது.

நாகூர் மீரான் வந்திருந்தார். பாலிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் நூருல் ஐன் பிரேமாவதியோடு நர்ஸுக்குப் படித்தவள், விமானத்தில் பக்கத்து நாற்காலி. ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே இரண்டு தகப்பன்களும் மூன்று நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காளிதாசனுக்கு முக்கால் மகளாவது கிடைத்தாள். மீரானுக்குக் கிடைத்தது ஒரு கை. வளையலைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது அவர் கையில் காடிச் சக்கரம் கழற்றும் இரும்பு இருந்தது. பின்னால் மூத்த மகன் இர்வான்.

"வாங்க பாய்," என்று எழுந்தான் காளிதாசன்.

"அந்த போல்ட்ட முறுக்குனவன் உன் தங்கச்சி புருசனாமே," என்றார் மீரான். கத்தவில்லை. "மூணு நாளு எங்கூட ஒரே பெஞ்சில ஒக்காந்திருந்தியே காளி. ஒரே பொட்டலத்துல சோறு தின்னோமே. ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"சொல்றதுக்கு ஒன்னுமில்ல பாய். அவன் செஞ்ச வேல சுத்தம். நான் சீட்ட பாத்துட்டேன். தப்பு வேற எங்கயோ."

"கூப்புடு அவன."

"பாய், இன்னிக்கு எம் புள்ளக்கி காரியம்."

"எம் புள்ளக்கி எத வச்சி காரியம் செய்யறது? ஒரு கைய வச்சா? கூப்புடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தியசீலன் புழக்கடையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டான். குணசுந்தரி குறுக்கே போய் நின்றாள். அவளை மெல்ல ஒதுக்கினான்.

"நான்தான் பாய்."

மீரான் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எந்தக் கை?"

சத்தியசீலன் வலது கையை நீட்டினான்.

இரும்பு இறங்கிய வேகத்தில் எலும்பு முறிந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது. மணிக்கட்டு திரும்பாத பக்கமாகத் திரும்பித் தொங்கியது. அவன் கத்தவில்லை. முழங்காலில் விழுந்தான். மீரான் இரண்டாம் தடவை ஓங்கினார். இந்த முறை தலைக்கு.

அந்த அடியைக் காளிதாசன் வாங்கினான். குறுக்கே பாய்ந்தவனுக்குப் புருவத்தில் விழுந்தது. தோல் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அப்படியே மீரானின் சட்டையைப் பிடித்து நிலைக்கட்டையில் மோதினான். ஒருமுறை. இன்னொரு முறை. மீரானின் வாயிலிருந்து ஒரு பல் படையல் இலையில் போய் விழுந்தது. இர்வான் பின்னாலிருந்து காளிதாசனின் கையைப் பிடித்து இழுத்தான். துணிக்கட்டோடு வெந்த தோலும் உரிந்து வந்தது. அப்போதுதான் காளிதாசன் அலறினான். அலறிக்கொண்டே மணைக்கட்டையை எடுத்து வீசினான். அது இர்வானின் காதைக் கிழித்துக்கொண்டு போனது. குத்துவிளக்கு சாய்ந்தது. பெண்கள் சிதறினார்கள். பண்டாரம் தட்டையும் தட்சிணையையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினார்.

மூன்று பேரும் ஒரே கும்பலாக உருண்டபோது யாருடைய காலோ நாற்காலியில் இடித்தது. படம் குப்புற விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

அதற்குப் பிறகுதான் லயத்து ஆண்களுக்குத் தைரியம் வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள்.

காளிதாசன் மூச்சிரைக்க நின்றான். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. "கேட்டுக்குங்க பாய்," என்றான். "எம் மக மேல சத்தியம். அவன் சொந்த ரெஞ்சாலதான் முறுக்குனான். 7316. சீட்டுல எழுதியிருக்கு, நேரம் போட்ருக்கு. அவன் பொய் சொல்றவன் இல்ல. இனிமே எம் வாசல மிதிக்காதீங்க."

மீரான் வாயைத் துடைத்தார். உள்ளங்கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு அழுதார். இர்வான் அவரைத் தாங்கிக்கொண்டு படி இறங்கினான்.

குணசுந்தரி புருஷனைத் தூக்கவில்லை. படத்தை நோக்கித்தான் ஓடினாள். கண்ணாடிச் சில்லுகளின் மேல் வெறுங்காலோடு ஓடினாள். அவளுக்கு முன்னால் அண்ணன் போய்விட்டான்.

"நீ விடு. எம் மகள நான் தூக்கறேன்."

முழங்கால் போட்டுப் படத்தைத் திருப்பினான். மாலைகள் அறுந்து தரையிலேயே கிடந்தன. பெண்ணின் முகத்தில் அவன் நெற்றி ரத்தம் சொட்டியது. கட்டைவிரலால் துடைத்தான். இன்னொரு சொட்டு கீழே விழுந்தது. அதையும் துடைத்தான். விரல் ஸ்டெதஸ்கோப்பைத் தாண்டிப் பக்கத்தில் போனது. அங்கேயே நின்றது.

குணசுந்தரி சுற்றிலும் சாமந்திக் கொத்தைத் தேடினாள்.

அவன் நாலு எண்ணையும் விரல் வைத்துப் படித்தான். பிறகு மூலையில் இருந்த மஞ்சள் எழுத்தைப் படித்தான். சாமந்திக் கொத்து எங்கோ போயிருந்தது.

"மச்சான்," என்றான் தரையில் கிடந்த சத்தியசீலன். "நானே சொல்லணும்னு..."

காளிதாசன் கையைத் தூக்கி அவனை நிறுத்தினான். அவன் பார்த்தது தங்கையை.

"குணா. இது நீ எடுத்த படந்தானே?"

"ஆமாண்ணே."

"இந்த நேரம் சரியா?"

சரியில்லை, போன் நேரம் எப்போதும் தப்பாகத்தான் காட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணன் நம்புவான். இதுவரை எல்லாவற்றையும் நம்பியவன். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது படத்திலிருந்த பெண்ணின் வாயைப் பார்த்தாள். அத்தை, மாமா ரெஞ்சு பக்கத்துலயே என்னோடதும் இருக்கட்டும் என்று சொல்லிச் சிரித்த வாய்.

"சரிதாண்ணே."

"அப்ப இது ஒங்க வீட்டுல இருந்திருக்கு."

"சாமி மேடையில இருந்துச்சு. அவரு எடுக்கத்தான் வந்தாரு. நாந்தான் கையப் புடிச்சி எடுக்க விடல. பூசையில வச்சதுன்னு."

லோகேஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே வழுக்கி உட்கார்ந்தாள்.

காளிதாசன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான். நேராக இருக்கிறதா என்று பார்த்தான். இப்போதுதான் மகள் மேல் சத்தியம் செய்திருந்தான். அந்த வாயை உரிந்த கையால் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

காடி ஆபீஸ் ரோடு வளைவு வரை போயிருந்தது.

"பாய்," என்று கூப்பிட்டான். குரல் எழும்பவில்லை. படி இறங்கி நடுவாசலில் நின்று மறுபடியும் கூப்பிட்டான். "பாய், நில்லுங்க. நாந்தான் தப்பு. திரும்பி வாங்க. அந்த இரும்ப எடுத்துட்டு வாங்க."

பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. வண்டி பின்னால் வரும் சத்தமும் கேட்டது.

குணசுந்தரி பாய்ந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். முதுகைக் கொடுத்து நின்றாள். பாதத்தில் குத்திய கண்ணாடி அப்போதுதான் வலித்தது.

சத்தியசீலன் முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து வந்தான். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. அவளுக்கு எதிரே, ஒரு முழ தூரத்தில் நின்றான்.

"கதவத் தொற குணா."

"மாட்டேன்."

"தொற."

"கொன்னுடுவாங்க. அண்ணனே கொன்னுடுவாரு."

"தெரியும்." முறியாத இடது கையைத் தாழ்ப்பாளின் மேல் வைத்தான். "ரெண்டு தடவ உம் பேச்ச கேட்டுட்டேன். இந்தத் தடவ எங் கையப் புடிக்காத."

அவள் கை அவன் மணிக்கட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது.

வெளியே காளிதாசனும் மீரானும், இரண்டு பேரும் படியேறி வந்தார்கள்.